கட்டை தட்டும் வரை

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள், தம்பி. எனக்கு இந்தப் பக்கம் போதும். இங்கிருந்து பார்த்தால்தான் முன் வரிசை நன்றாகத் தெரியும்.

நான் காரைக்குடி வரை போகிறேன். நீங்கள் திருப்பத்தூரா? நல்லது. பேசிக்கொண்டே போகலாம். நான் யாரோடும் பேசி ரொம்ப நாளாகிறது. அதாவது, பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். தினமும் பேசுகிறேன். எதிரில் இருப்பவர் 'ம்' சொல்லிக் கேட்டுத்தான் ரொம்ப நாளாகிறது. நீங்கள் 'ம்' மட்டும் சொன்னால் போதும்.

அதோ, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் பாருங்கள். மேலே கம்பியில் மூங்கில் கழிக் கட்டும் சாக்குப் பைகளும் வைத்திருக்கிறார்களே, அவர்கள்தான். அது எங்கள் குழு. நத்தை நாடகக் குழு. கேள்விப்பட்டதில்லையா? பரவாயில்லை. நிறையப் பேர் கேள்விப்பட்டதில்லை. நாங்கள் செய்வது நவீன நாடகம். ராஜா ராணி கிடையாது. திரைச்சீலை கிடையாது. சில நாடகங்களில் பேச்சே கிடையாது. திண்டுக்கல்லில் இந்தக் குழுவை ஆரம்பித்தவன் நான்தான். இயக்குநரும் நான்தான். பெயர் சோமநாதன். குழுவில் எல்லோரும் என்னை அண்ணே என்று கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்கள் என்றால், ஆடி மாதம் வரைக்கும்.

அவர்களோடு ஏன் உட்காரவில்லை என்றுதானே கேட்க வருகிறீர்கள்? சொல்கிறேன். முதலில் ஒன்று காட்டுகிறேன், பாருங்கள்.

"பஷீர்! ஏய், பஷீர்!"

பார்த்தீர்களா? பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் பார்த்தார். அந்தக் கைக்குழந்தைக்காரி பார்த்தாள். பஷீர் திரும்பினானா? பச்சைச் சட்டை, அவன்தான் பஷீர். அவன் தோள்கூட அசையவில்லை. காதில் விழவில்லை என்று நினைக்காதீர்கள். அவனுக்குப் பாம்புச் செவி. எங்கள் ஒத்திகைக் கிடங்கின் அந்தக் கோடியில் ஊசி விழுந்தால் இந்தக் கோடியிலிருந்து எடுத்து வருவான். கேட்டும் திரும்பாமல் இருக்கிறான். அது பயிற்சி. நான் சொல்லிக்கொடுத்தது.

திண்டுக்கல்லில் ஏறியதும் கண்டக்டரிடம், "நானும் அவங்க கூடத்தான்" என்றேன். அவர் போய் முன்னால் இருக்கும் பெண்ணிடம் கேட்டார். "ஏம்மா, பின்னாடி ஒருத்தர் உங்க ஆளுன்னு சொல்றாரு. அவருக்கும் சேத்துக் கிழிக்கவா?" அந்தப் பெண் என்ன சொன்னாள் தெரியுமா? "எங்க கூட வேற யாரும் இல்லண்ணே." சொல்லும்போது குரலில் ஒரு சிறு வேகம்கூட இல்லை. பொய் சொல்பவர்களுக்குக் கடைசி எழுத்தில் குரல் கொஞ்சம் ஏறும். அவளுக்கு ஏறவில்லை. எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது. டிக்கெட்டை நானே எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெண்தான் அமலோற்பவம். அமலா என்போம். பக்கத்தில் ஊன்றுகோல் சாய்த்து வைத்திருக்கிறாள், பாருங்கள். அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அவளால்தான் என் நாடகம் ஐந்து மாதம் தள்ளிப்போனது. அது ஒரு பெரிய வருத்தம் எனக்கு. அதை யாரும் பேசுவதில்லை.

முதலில் பயிற்சியைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

எங்கள் குழுவில் கதாநாயகன் கிடையாது. எல்லோரும் சேர்ந்து ஒரே உடம்பு. பக்கத்தில் இருப்பவர் எங்கே நிற்கிறார், எப்படி மூச்சு விடுகிறார் என்று கண்ணால் பார்க்காமலே தெரிய வேண்டும். அதற்காக நான் கண்டுபிடித்த பயிற்சிக்கு 'இல்லாதவர்' என்று பெயர். குழுவில் ஒருவர் இல்லாதவர் ஆகிறார். அவர் அங்கேதான் இருப்பார். ஆனால் மற்றவர்களுக்கு இல்லை. பேசினால் கேட்காது. குறுக்கே வந்தால் தெரியாது. இல்லாதவருக்கு ஒரே வேலை: என்ன செய்தாவது மற்றவர்களைத் தன்னைப் பார்க்க வைக்க வேண்டும். சிரிக்க வைக்கலாம், பயமுறுத்தலாம், பொய் சொல்லலாம். மற்றவர்களுக்கும் ஒரே வேலை: பார்க்கக் கூடாது.

சுலபம் என்று நினைக்கிறீர்கள். இல்லை. பார்க்காமல் இருப்பது வேறு, முகத்தைத் திருப்பிக்கொள்வது வேறு. முகத்தைத் திருப்பினால் பார்த்துவிட்டாய் என்று அர்த்தம். கழுத்து இறுகினாலும் பார்த்துவிட்டாய் என்றுதான் அர்த்தம். கண் இல்லாதவர் மேல் படலாம். பட வேண்டும். ஆனால் நிற்கக் கூடாது. சுவரைக் கடந்து போவது போல அவரைக் கடந்து போக வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு எத்தனை வருடம் ஆனது தெரியுமா!

புளியமரத்தில் இழைத்த இரண்டு கட்டைகள் வைத்திருந்தேன். உள்ளங்கை அளவு. ஒரு முறை தட்டினால் பயிற்சி தொடங்கும். மறுபடி தட்டினால் முடியும். யார் தட்டித் தொடங்கினாரோ அவர்தான் தட்டி முடிக்க வேண்டும். நடுவில் யாராவது இல்லாதவரைப் பார்த்துவிட்டால் பயிற்சி முதலிலிருந்து தொடங்கும். இவ்வளவுதான் விதி.

பேகம்பூரில் ஒரு பழைய தோல் கிடங்கில்தான் ஒத்திகை. தோல் வியாபாரம் நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. நாற்றம் மட்டும் போகவில்லை. புதிதாக வருபவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். அமலா பிடிக்கவில்லை. அவள் நூல் மில் வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்தவள். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவள். "இந்தக் குழுவுல ஒரு எடம் குடுங்கண்ணே. எனக்குப் போறதுக்கு வேற எடம் இல்ல" என்றாள். கொடுத்தேன். நான் கொடுக்காமல் யார் கொடுத்தது?

போன வருடம் 'அடுப்படி' என்று ஒரு நாடகம் எடுத்தோம். என் நாடகம். ஒரு வீட்டில் மருமகள் செத்துப்போகிறாள். ஆனால் செத்தது அவளுக்குத் தெரியாது. தினமும் காலையில் பரணிலிருந்து பானையை எடுத்துக்கொண்டு இறங்குகிறாள். அடுப்பு மூட்டுகிறாள். எல்லோருக்கும் பரிமாறுகிறாள். யாருக்கும் அவள் தெரியவில்லை. ஒரு சொல் கிடையாது. பரிமாறுவதும் வெறுங்கையால்தான். அந்த மருமகள் வேடத்தை அமலாவுக்குக் கொடுத்தேன்.

நன்றாகத்தான் செய்தாள். ஆனால் ஒரு குறை. அவள் உடம்புக்குத் தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே இருந்தது. உட்கார்ந்தால் சேலையைச் சரி செய்துகொண்டு உட்கார்வாள். பார்க்க ஆள் இல்லாதவள் அப்படி உட்கார மாட்டாள், தம்பி. மூலையில் வைத்த பானை போல உட்கார்வாள்.

அதனால் தைப் பொங்கல் முடிந்ததும் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தேன். விடாமல் நாற்பது நாளைக்கு அமலாதான் இல்லாதவர் என்றேன். ஒத்திகையில் மட்டும் இல்லை. டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், தெருவில், எங்கேயும். எல்லோரும் சம்மதித்தார்கள். சம்மதித்தார்கள் என்றால், யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. அமலாவே சிரித்தாள். "எத்தன நாளைக்குத் தாங்குவீங்க? ரெண்டே நாள்ல ஒங்க எல்லாரையும் பேச வச்சுர்றேன் பாருங்க" என்றாள். கட்டையைத் தட்டினேன்.

முதலில் ஒரே கூத்து. செருப்பை ஒளித்து வைத்தாள். பொன்ராசுவின் டீயில் உப்பைப் போட்டாள். அவன் முழு டம்ளரையும் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டான். பொன்ராசு அதோ, வழுக்கைத் தலை. பிறகு பொய் சொல்ல ஆரம்பித்தாள். "தெய்வானக்கா, ஒங்க அம்மாவுக்கு முடியலையாம். ஆசுபத்திரிக்குக் கொண்டு போறாங்களாம்." தெய்வானை என் மனைவி. கழியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் வெளியே போய் ஊருக்குப் போன் செய்தாள். எனக்குத் தெரியும். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அமலா எதிரில் செய்யவில்லையே. நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

ஒரு நாள் அமலா மயங்கி விழுந்தாள். பஷீர் சொம்புத் தண்ணீரோடு ஓடினான். அவள் துள்ளி எழுந்து, "அவுட்டு! பஷீரு அவுட்டு!" என்று கைகொட்டிச் சிரித்தாள். நான் கட்டையைத் தட்டினேன். "மொதல்லேருந்து" என்றேன். அதுவரை போன நாளெல்லாம் போயிற்று. தப்பு செய்தவன் பஷீர். தண்டனை அமலாவுக்கு. அதுதான் அந்த விதியின் அழகு. அன்றைக்குத்தான் அவள் சிரிப்பு நின்றது.

இன்னொரு முறை விழுந்தாள். அது நடிப்பா, வெயிலா என்று தெரியவில்லை. யாரும் ஓடவில்லை. அவளே எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டாள்.

பிறகு பொன்ராசுவுக்கு மனம் தாங்கவில்லை. இட்லிப் பொட்டலம் ஒன்றை அவள் பை மேல் வைத்துவிட்டுப் போனான். நான் பார்த்துவிட்டேன். மறுபடி முதலிலிருந்து. அதற்கப்புறம் என்ன நடந்தது தெரியுமா? அமலாவே அவர்களிடம் போய்ச் சொல்ல ஆரம்பித்தாள். ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் நின்று, மெதுவாக, "என்னையப் பாத்துராதீங்க. பாவம் பாக்குறேன்னு பாத்துராதீங்க. பாத்தா மறுபடி மொதல்லேருந்து" என்றாள். அவர்களும் அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு பார்க்கவே இல்லை. நல்ல மனசு உள்ளவன் இன்னும் கெட்டியாகப் பார்க்கவில்லை. இப்படி ஒன்று நடக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை, தம்பி. ஒத்திகைகள் எப்படி இருந்தன என்கிறீர்கள்! அவள் உட்கார்ந்தால் பானை. நின்றால் தூண். சேலை விலகியது அவளுக்கே தெரியவில்லை.

நத்தம் வந்துவிட்டது. நீங்கள் எதுவும் குடிக்க வேண்டாமா? எனக்கும் வேண்டாம். இவர்கள் இறங்கினால்தான் நான் இறங்குவேன். இறங்கவில்லை. தெய்வானை ஃப்ளாஸ்க்கில் கொண்டுவந்திருப்பாள். ஆமாம், ஊற்றுகிறாள் பாருங்கள். சுக்குக் காப்பி. வாசனை வருகிறது. ஏழு டம்ளர். சரியாக ஏழு. கை தவறிக்கூட எட்டாவது எடுக்கவில்லை. எவ்வளவு கட்டுப்பாடு!

எங்கே விட்டேன்? ஆ, பரண்.

மாசி மாதம். காலை நேரம். சாப்பாட்டுக் காட்சி ஒத்திகை. பரண் உயரமானது. தோலைக் காயப்போட அந்தக் காலத்தில் கட்டியது. அதிலிருந்து ஏணி வழியாக அமலா பானையோடு இறங்க வேண்டும். ஏணியில் ஒரு படி உளுத்திருந்தது. படி ஒடிந்து மேலேயிருந்து விழுந்தாள். பானை உருண்டுகொண்டே சுவர் வரைக்கும் போனது.

"அண்ணே" என்றாள். பிறகு, "அக்கா" என்றாள். பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "பஷீரு, நெசமாடா. நெசமாத்தான்டா சொல்றேன்." அப்படித்தானே முன்பும் சொல்லியிருந்தாள்? அதனால் யாரும் திரும்பவில்லை. தெய்வானை வெறும் காற்றை அள்ளி அள்ளிப் பரிமாறினாள். பஷீர் பிசைந்து சாப்பிட்டான். பொன்ராசு எழுந்து கை கழுவப் போக வேண்டும். வழியில் அவள் கால் கிடந்தது. அவன் நின்றானா? வாசற்படியைத் தாண்டுவது போலத் தாண்டிப் போனான். கை கழுவினான். திரும்பி வரும்போதும் தாண்டினான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நடந்ததே இல்லை.

நான் காலைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. உடம்பைப் பற்றி எனக்குத் தெரியும், தம்பி. என் தொழிலே அதுதான். எந்த நடிகனாலும் காலை அப்படித் திருப்ப முடியாது.

கட்டையைக் கையில் எடுத்தேன்.

அப்போது அவர்களைப் பார்த்தேன். ஆறு பேர். எத்தனை வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அது! அவர்கள் பார்க்காதது போல நடிக்கவில்லை. பார்க்கவில்லை. ஒரு வீடு தன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தரையில் ஒருத்தி கிடந்து கத்தினாள். அந்த வீட்டுக்கு அது தெரியவில்லை. தட்டினால் அது போய்விடும். போனால் திரும்ப வராது. கட்டையை மடியில் வைத்துக்கொண்டேன். சாப்பிட்டு முடித்தார்கள். பாத்திரம் கழுவினார்கள். பாய் விரித்தார்கள். படுத்தார்கள். விளக்கை ஊதி அணைத்தார்கள். அதற்குள் அமலா கத்துவதை நிறுத்தியிருந்தாள். கண்ணைத் திறந்தபடி மேலே பரணைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பானை மாதிரி. அப்பா! என்ன ஒரு முடிவு! அதன் பிறகு தட்டினேன்.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். ஆஸ்பத்திரியிலும் அதையேதான் கேட்டார்கள்.

அப்புறம் ஓடினார்கள். தெய்வானை அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "நெசம்னு நெனக்கலையேடி, நெசம்னு நெனக்கலையே" என்று அழுதாள். பொன்ராசு தன் காலைத் தானே செருப்பால் அடித்துக்கொண்டான். பஷீர் போய் ஆட்டோ பிடித்து வந்தான். நான் அழவில்லை. ஒருவராவது நிதானமாக இருக்க வேண்டாமா?

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அமலாவிடம், "ஒம் பேரென்னம்மா?" என்று கேட்டார். அமலா பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரைக் கேட்கிறார்கள் என்று தேடினாள், தம்பி! தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு பார்வை! அதை மேடைக்கு எப்படிக் கொண்டுவருவது என்று அங்கேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மாவுக்கட்டு, இன்னொரு மாவுக்கட்டு என்று மாதங்கள் போயின. கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. அரங்கேற்றம் தள்ளிப்போனது. வேறு யாரையாவது போட்டு நடத்திவிடலாம் என்றேன். யாரும் கேட்கவில்லை. "அமலா வரட்டும்" என்றார்கள். அவளும் வந்தாள். ஆடியில் அரங்கேற்றினோம். ஊன்றுகோல் இல்லாமல் ஏணியில் இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. முடிந்ததும் யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. அழுதார்கள். என் நாடகம், தம்பி. என் நாடகம் அது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. நாடகம் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து டீ குடிப்போம். ஒவ்வொருவரும் மனதில் இருப்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அன்றைக்கு எல்லோரும் மாசி மாதத்தைப் பற்றியே பேசினார்கள். "ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தேன்னா இந்தக் காலு நல்லாருந்துருக்கும்" என்றான் பஷீர். பொன்ராசு குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "சாகுற வரைக்கும் அவ கூப்பிட்ட சத்தம் கேக்கும்" என்றாள் தெய்வானை. அமலாதான் அவர்களைத் தேற்றினாள். "விடுங்கக்கா. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? யாருக்குமே தெரியாதுல்ல" என்றாள்.

என் முறை வந்தது. இப்படிக் குமைகிறார்களே, ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று நினைத்தேன். "யாரும் வருத்தப்படாதீங்க. எனக்கு அப்பவே தெரியும். காலைப் பாத்துட்டேன். கட்டையக் கையில எடுத்தேன், வச்சுட்டேன். ஏன் தெரியுமா? நீங்க அவ்வளவு அருமையா செஞ்சுக்கிட்டிருந்தீங்க" என்றேன். இதைவிடப் பெரிய பாராட்டை நான் யாருக்கும் சொன்னதில்லை.

டீ ஆறிக்கொண்டிருந்தது.

அமலா எனக்கு நேர் எதிரில் இருந்தாள். என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவள் கண் என்னைக் கடந்து போனது. நிற்காமல், இறுகாமல், சுவரைக் கடப்பது போல. எழுந்து, காலை இழுத்துக்கொண்டு வட்டத்தின் குறுக்கே நடந்து வந்தாள். என் பக்கத்தில் இருந்த கட்டைகளை எடுத்தாள். ஒரு முறை தட்டினாள்.

எல்லோரும் எழுந்தார்கள். டம்ளர்களை எடுத்தார்கள். என் முன்னால் இருந்த டம்ளரை யாரும் எடுக்கவில்லை. தெய்வானை என்னைத் தாண்டி வெளியே போனாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. என் முறை! என்னை இல்லாதவர் ஆக்கியிருக்கிறார்கள்! எந்தக் குழுவிலாவது இயக்குநரை வைத்து இப்படி ஒரு பயிற்சி செய்ய யாருக்காவது தைரியம் வருமா? அவர்களுக்கு வந்தது. என் பிள்ளைகள்.

ஆடியில் தொடங்கியது. இப்போது கார்த்திகை. அமலாவைவிட நான் அதிக நாள் தாங்கிவிட்டேன்.

அவர்கள் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். தெய்வானை பெட்டியை எடுத்துக்கொண்டு வடமதுரையில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டிலும் பயிற்சியை விடக் கூடாது என்ற ஈடுபாடு. தோல் கிடங்கு என் பெயரில் இருக்கிறது என்று மிரட்டிப் பார்த்தேன். மறுநாளே கழிகளை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அமலாதான் ஒத்திகை நடத்துகிறாள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அதைத் திருத்த வேண்டும். பயிற்சி முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம். நோட்டீஸில் என் பெயர் இல்லை. இல்லாதவர் பெயரை எப்படிப் போடுவார்கள்? சரிதானே? தெய்வானை வக்கீல் நோட்டீஸ்கூட அனுப்பினாள். அதில் மட்டும் என் பெயரை அப்பா பெயரோடு சேர்த்து முழுசாக எழுதியிருந்தது. விதிப்படி அது தப்பு. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நானும் மயங்கி விழுந்து பார்த்தேன். அவர்கள் வாசலிலேயே விழுந்தேன். ஒத்திகை முடிந்து ஒவ்வொருவராக வந்தார்கள். பஷீர் என்னைத் தாண்டினான். பொன்ராசு நின்றான். ஒரு கணம் நின்றான். நான் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். 'நில், நில், இதோ குனியப் போகிறான்' என்று நினைத்தேன். அவன் செருப்பு வாரைச் சரி செய்துகொண்டு தாண்டிப் போனான். கதவைப் பூட்டினார்கள். நான் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டேன்.

எல்லா ஊருக்கும் கூடவே போகிறேன். கடைசி வரிசையில் நின்று நாடகத்தைப் பார்க்கிறேன். அவள் ஒரு முறை தட்டினால் போதும். தட்டிவிட்டால் எல்லோரும் ஓடி வருவார்கள். "எப்பிடிண்ணே தாங்குனீங்க?" என்று கேட்பார்கள். என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருக்கிறேன். கட்டைகள் அவள் தோள்பையில்தான் இருக்கின்றன. பையின் அந்தப் புடைப்பைப் பாருங்கள். அதுதான். எங்கே போனாலும் கொண்டு போகிறாள். ஏன் கொண்டு போகிறாள்? தட்டுவதற்குத்தானே? வேறு எதற்கு?

அந்தக் குழந்தை ஏன் இப்படி அழுகிறது? பசி போலிருக்கிறது. பஸ் ஆட்டம் வேறு. அமலா பையைத் திறக்கிறாள். பிஸ்கட் ஏதாவது…

தம்பி. கட்டை. கட்டையை எடுத்துவிட்டாள். பார்த்தீர்களா? கையில் வைத்திருக்கிறாள். சிங்கம்புணரிகூட வரவில்லை, அதற்குள்… குழந்தை கையில் கொடுக்கிறாளே.

கேட்டதா? கேட்டீர்கள்தானே? டக்கென்று! அந்தச் சத்தம்தான். புளியங்கட்டைச் சத்தம். இந்தப் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வருகிறேன்.

…

வந்துவிட்டேன். பையைக் கொடுங்கள்.

நீங்களும் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் எதிரில் போய் நின்றேன். "முடிஞ்சுது! சத்தம் கேட்டுச்சு! நான் ஜெயிச்சுட்டேன்!" என்றேன். தெய்வானை ஜன்னலில் புளியமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஷீர் காப்பி டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தான். பொன்ராசு என்னைப் பார்த்தான். பார்த்தான் என்றால், அவன் கண் என் மேல் பட்டு, என் பின்னால் இருந்த படிக்கட்டுக்குப் போனது. குழந்தை ஒன்றுதான் என்னைப் பார்த்துச் சிரித்தது.

தப்பு என்னுடையதுதான். தொடங்கியவர் தட்டினால்தான் முடியும். குழந்தை தட்டினால் செல்லாது. என் விதியை நானே மறந்துவிட்டேன், பாருங்கள்.

குழந்தையின் அம்மா கட்டைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். அமலா என்ன சொன்னாள் தெரியுமா? "பாப்பாவே வச்சுக்கட்டும்க்கா. எங்களுக்கு அது தேவையில்ல" என்றாள். தேவையில்லை என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குக் கேட்க வேண்டும் என்று சொன்ன மாதிரியும் இல்லை. குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

சிங்கம்புணரி. இறங்குகிறார்கள். அந்தக் குழந்தையும் அம்மாவும்தான். அமலா இல்லை. தம்பி, அந்த அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன். நான் கூப்பிட்டால்… வேண்டாம், பஸ் கிளம்பிவிட்டது. அதோ போகிறார்கள். தோள் மேல் சாய்ந்தபடி தட்டிக்கொண்டே போகிறது, பாருங்கள். டக், டக் என்று. எத்தனை தடவை தட்டுகிறது! கையில் கிடைத்துவிட்டது என்று.

பரவாயில்லை. புளியங்கட்டை எங்கேயும் கிடைக்கும். காரைக்குடியில் தச்சுப் பட்டறை இல்லாமலா? நானே இழைக்கச் சொல்லி, அவள் பை பக்கத்தில் வைத்துவிடுவேன். அவள் பார்க்காவிட்டாலும் கட்டை கண்ணில் படும்தானே? கட்டையைப் பார்க்கக் கூடாது என்று விதி இல்லையே. இருக்கிறதா? நான் அப்படி ஒரு விதி போடவில்லை.

ஏன் தம்பி எழுந்துவிட்டீர்கள்? திருப்பத்தூருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பின்னால் இடம் காலியாக இருக்கிறதா? இங்கேயும் இடம் இருக்கிறதே. தம்பி, நான் இன்னும் முடிக்கவில்லை. 'ம்' கூடச் சொல்ல வேண்டாம், சும்மா உட்கார்ந்திருங்கள். தம்பி?

சரி. உட்காருங்கள். அங்கேயே உட்காருங்கள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். அது தப்பு. கழுத்தைத் தளர்த்துங்கள். இங்கே பாருங்கள். என்னையே பாருங்கள். பார்த்துவிட்டு அப்படியே அந்த ஜன்னலுக்குப் போங்கள்.

ஆ, அப்படித்தான். நன்றாக வருகிறது உங்களுக்கு.